தேடுவார்க்கு அகப்படும் செல்வம்

சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு



பேசுவதற்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள் பெயரளவிற் புதியது; உள்ளே நோக்கின் மிகப் பழையது. செயற்கை நுண்ணறிவு முகவர்கள் என்று இக்காலத்தார் அழைக்கும் கணினிப் பணியாளர், உலகத்தார் அனைவர்க்கும் திறந்து வைக்கப்பட்ட தரவுகளைத் தேடிக் கண்டெடுத்தற்கு நாம் செய்யவேண்டிய உதவி யாது என்பதே அப்பொருள். இளைஞருக்கு இதிற் பாதி தெரிந்திருக்கும். மற்றப் பாதி, அதாவது வேண்டிய நேரத்தில் வேண்டிய ஏடு அகப்படாவிட்டால் நேரும் துன்பம், பெரியோர்க்கு நன்கு தெரியும். ஆகவே இரு சாராரையும் ஒருங்கே இருத்திப் பேசுவதே பொருத்தம் என எண்ணினோம்.

ஒரு வாசிகசாலையை எண்ணிப் பாருங்கள். அங்கே பத்தாயிரம் நூல்கள் உள்ளன, கதவும் திறந்தே இருக்கின்றது, கட்டணமும் இல்லை. ஆனால் நூற்பட்டியல் இல்லை. முதுகட்டையில் பெயரும் இல்லை. அங்கே செல்லும் மாணவன் யாது செய்வான்? கைக்கு எட்டிய நூலை எடுத்துக்கொண்டு திரும்புவான். அல்லது வெறுங்கையுடன் வருவான். வீதியிலே ஒருவர் கேட்டால், அந்நூல் அங்கே இல்லை என்றே சொல்வான். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்து போயின. அந்த இழப்பை அறிந்த நமக்கு ஓர் உண்மை பிறர்க்கு விளங்குவதிலும் விரைவில் விளங்கவேண்டும். தேடுவோனைப் பொறுத்தமட்டில் அழிந்து போன நூலும் அகப்படாத நூலும் ஒன்றே. முன்னதை மீட்பது அரிது. பின்னதை மீட்பதற்கு ஒரு பட்டியல் போதும்.

திறந்த தரவு என்பது யாது? அரசாங்கமோ ஆராய்ச்சி நிலையமோ திரட்டிய கணக்குகளையும் அளவுகளையும் படங்களையும் எவரும் பெறலாம், பயன்படுத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம் என்ற அனுமதியுடன் வெளியிடுவது. மழைவீழ்ச்சிக் கணக்கு, குடிசன மதிப்பு, நெல் விளைவு, நீதிமன்றத் தீர்ப்பு, செய்மதி எடுத்த படம் ஆகியன யாவும் இதில் அடங்கும். திறப்பதனால் விளையும் நன்மைக்கு ஒரு சான்று கூறுவோம். லாண்ட்சற் என்னும் அமெரிக்கச் செய்மதிகள் 1972 ஆம் ஆண்டு முதலாகப் பூமியைப் படம் எடுத்து வருகின்றன. ஒரு படம் 600 டொலருக்கு விற்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. மிகக் கூடுதலாக விற்பனையான 2001 ஆம் ஆண்டிலே விற்றவை ஏறக்குறைய 25,000 படங்கள் மாத்திரமே. 2008 ஆம் ஆண்டில் அப்படங்கள் முழுவதையும் இலவசமாகத் தருவதென முடிவு செய்யப்பட்டது. அதன் பின் ஓராண்டுக்குள் மக்கள் எடுத்துக்கொண்ட படங்கள் பத்து இலட்சத்தைத் தாண்டின. காடு அழிவதையும் குளம் வற்றுவதையும் கணக்கிடும் ஆராய்ச்சிகள் அதன் பின்னரே பெருகின.

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் 47 தரவுத்தொகுதிகளுடன் ஒரு தரவு வாயிலைத் திறந்தது. அடுத்த ஆண்டில் பிரித்தானியாவும் உலக வங்கியும் தத்தம் வாயில்களைத் திறந்தன. பின்னர் நாடுதோறும் இவ்வழக்கம் பரவியது. இலங்கையிலும் அரசாங்கத்தின் திறந்த தரவு வாயில் ஒன்று உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், எவரும் கேளாமலே சில தகவல்களை வெளியிடும் கடமையைப் பொது அதிகாரசபைகளுக்கு விதித்திருக்கின்றது. இவ்வாறு கதவுகள் பல திறந்தன. ஆனால், அன்பர்களே, கதவு திறந்தவுடன் வேலை முடிந்தது என்று பலர் எண்ணிவிட்டனர். அங்கேதான் இடர் தொடங்கியது. திறந்தும் அகப்படாத தரவு குடத்துள் இட்ட விளக்குப் போன்றது. எரிகின்றது என்பது மெய். எவர்க்கு ஒளி?

இதுவரை தேடியவர் மனிதர். மனிதன் ஒருவாறு சமாளிப்பான். ஒரு கந்தோரில் இல்லையென்றால் மறு கந்தோருக்குப் போவான், இலிகிதரைக் கேட்பான், தெரிந்தவரைத் தொலைபேசியில் அழைப்பான். இப்போது புதிய வாசகன் ஒருவன் வந்திருக்கின்றான். அவன்தான் நாம் முதலிற் குறிப்பிட்ட முகவர். காப்புறுதி முகவர் போல மனிதர் அல்லர்; கணினி நிரல். மனிதர் எழுதியவற்றைப் பெருந்தொகையாகக் கற்ற மொழிப்பொறி ஒன்று உள்ளே இருக்கும். அதனிடம் ஒரு வினாவைக் கொடுத்தால், அவ்வினாவைச் சிறு சிறு வேலைகளாகப் பிரிக்கும். வேண்டிய கருவிகளை அழைக்கும். கிடைத்ததைப் படித்து, கணக்கிட்டு, விடையை எழுதித் தரும். இன்று மாணவனும், பத்திரிகையாளனும், அரசாங்க உத்தியோகத்தனும் இத்தகைய முகவரிடம் வினவத் தொடங்கிவிட்டனர்.

இம்முகவருக்குப் பெருங்குறை ஒன்று உண்டு. தான் கற்றது எதுவோ அது ஒரு நாளுடன் நின்றுவிட்டது. அதற்குப் பின் வந்த கணக்கு அதற்குத் தெரியாது. கற்றவற்றிலும் எண்களும் பெயர்களும் மங்கலாகவே பதிந்திருக்கும். மனப்பாடம் செய்யாத மாணவன் பரீட்சை மண்டபத்தில் வாயில் வந்ததை எழுதுவது போல, அதுவும் உறுதியான குரலிலே இல்லாததைச் சொல்லிவிடும். மாணவனாவது எழுதும்போது தடுமாறுவான். இது தடுமாறவும் மாட்டாது.

இது வெறும் அச்சம் அன்று, நடந்த செய்தி. 2023 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரக் கூட்டாட்சி நீதிமன்றில், ஒரு விமானக் கம்பனிக்கு எதிரான வழக்கிலே வழக்கறிஞர் சமர்ப்பித்த எழுத்துரையில் ஆறு தீர்ப்புகள் மேற்கோளாகக் காட்டப்பட்டன. எதிர்த்தரப்பார் தேடினர், அகப்படவில்லை. நீதிபதியும் தேடினார், அகப்படவில்லை. காரணம், அத்தீர்ப்புகள் உலகில் இருந்ததே இல்லை. சற்ஜிபிரி என்னும் பொறி அவற்றைப் புனைந்து கொடுத்திருந்தது. இவை மெய்யான வழக்குகளா என்று அதனிடமே கேட்டபோது, மெய்யே என்றும் பெயர்பெற்ற சட்டத் தரவுத்தளங்களிற் காணலாம் என்றும் விடை சொல்லிற்று. வழக்கறிஞர் தரப்புக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது.

அவ்வழக்கில் தோற்றது யார்? வழக்கறிஞர் மாத்திரமா? தமது வழக்கை நம்பி ஒப்படைத்தவரும் அன்றோ! அதே நாட்டில் இலட்சக்கணக்கான தீர்ப்புகள் இலவசமாகத் திறந்து கிடந்தன என்பதையும் நோக்குக. பொறிக்கும் அத்தீர்ப்புகளுக்கும் இடையில் ஒரு பாலம் இருக்கவில்லை. பஞ்சம் ஏற்பட்டது களஞ்சியம் வெறுமையானதால் அன்று. களஞ்சியத்துக்கு வழி இல்லாமையால்.

பின்னர் அப்பாலத்தைக் கட்டியவர்களும் உண்டு. தீர்ப்புகளைத் திரட்டி இலவசமாக வழங்கும் கோட் லிஸ்னர் என்னும் களஞ்சியத்தை நடத்துகின்ற பிரீ லோ புரொஜெக்ற் என்னும் இலாபநோக்கற்ற நிறுவனம், 2024 ஆம் ஆண்டில் மேற்கோள் சரிபார்க்கும் கருவி ஒன்றை வெளியிட்டது. எழுத்துரையை அதனிடம் கொடுத்தால், உள்ளே குறிப்பிட்ட ஒவ்வொரு வழக்கையும் களஞ்சியத்திலே தேடி, உண்டாயின் இன்ன தீர்ப்பு என்று காட்டும். இல்லையாயின் காணப்படவில்லை என்று சொல்லும். மனிதரும் அதனைக் கேட்கலாம், பொறியும் கேட்கலாம். இங்கே கவனிக்கத்தக்கது அந்த இரண்டாவது விடை. உண்டு என்று சொல்வதிலும் பார்க்க, காணவில்லை என்று நேர்மையாகச் சொல்வது பொறிக்குப் பேருபகாரம். அந்த ஒரு சொல் அதன் புனைசுருட்டுக்கு அணை போடுகின்றது. எனினும் இத்தகைய கருவிகள், தமது களஞ்சியம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்த நீதிமன்றங்கள் என்பதையும் உடன் சொல்லவேண்டும். எமது பெட்டகத்தில் இல்லாதது உலகிலேயே இல்லாதது ஆகிவிடாது அல்லவா?

இனி, தேடும் கருவி எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைப் பார்ப்போம். பொறிக்கு ஒரே வேளையில் நினைவில் வைத்திருக்கக்கூடிய எழுத்துக்கு எல்லை உண்டு. கூகிள் நிறுவனத்தார் 2018 ஆம் ஆண்டில் தரவுத்தொகுதிகளைத் தேடுவதற்கென்றே ஒரு கருவியை அமைத்தனர். 2020 ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதன் பட்டியலில் ஏறக்குறைய இரண்டரைக் கோடி தொகுதிகள் இருந்தன. இரண்டரைக் கோடியையும் பொறியின் முன் கொட்டினால் அது யாதும் செய்ய மாட்டாது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒவ்வொரு கருவி செய்து கொடுத்தாலும் அதே திகைப்புத்தான். ஆகவே அறிவுடையோர் செய்வது யாதெனில், இரண்டே கருவிகளைக் கொடுப்பது. ஒன்று தேடுவதற்கு, மற்றொன்று எடுப்பதற்கு. முதற் கருவியிடம் பொறி தன் தேவையைச் சொல்லும். அது பொருத்தமான ஐந்தோ பத்தோ தொகுதிகளின் விபரக்குறிப்பை மாத்திரம் காட்டும். பொறி அவற்றைப் படித்து, ஏற்றதைத் தெரிந்து, இரண்டாவது கருவியால் எடுத்துக்கொள்ளும். நல்ல நூலகர் ஒருவர் செய்வதும் இதுவே.

பொறிகள் பல, தரவு நிலையங்கள் பல. ஒவ்வொரு பொறிக்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனி இணைப்புச் செய்வதானால், பத்துப் பொறிக்கும் நூறு நிலையத்துக்கும் ஆயிரம் இணைப்பு வேண்டும். எல்லாரும் ஒரே முறையைக் கைக்கொண்டால் நூற்றுப்பத்துப் போதும். இதற்காக 2024 ஆம் ஆண்டு நவெம்பரில் ஆந்த்ரோபிக் என்னும் நிறுவனத்தார் மொடல் கொன்ரெக்ஸ்ற் புரொட்டோகோல் என்ற பொது ஒழுங்கை வெளியிட்டனர். ஒவ்வொரு கருவியும் தன் பெயர் யாது, தான் செய்வது யாது, தனக்குக் கொடுக்கவேண்டிய விபரம் யாது என்று ஒரே வகையாகச் சொல்லவேண்டும் என்பதே அதன் சாரம். உலகெங்கும் உள்ள புள்ளிவிபரங்களைத் தொகுக்கும் டேற்றா கொமன்ஸ் என்னும் திட்டமும் 2025 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இவ்வொழுங்குக்கு அமைந்த வாயிலைத் திறந்தது.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவோம். கிளிநொச்சியில் உள்ள இரணைமடுக் குளத்தின் நீர்ப்பரப்பு, கடந்த ஆண்டுகளிலே மாதத்துக்கு மாதம் எவ்வாறு மாறியது என்று ஒரு மாணவி முகவரிடம் கேட்கின்றாள் என்க. கனகராயன் ஆற்று நீரைத் தேக்கும் அக்குளத்தை நம்பி வயல் செய்வோர்க்கு இது வெறும் பாடசாலை வினா அன்று. செய்மதிப் படங்களைப் பட்டியலிடுவதற்கு ஸ்ராக் என்னும் பொது முறை ஒன்று உண்டு. அதன் முதல் நிலையான பதிப்பு 2021 ஆம் ஆண்டில் வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் அது எந்த நிலப்பரப்பை அடக்கியது, எந்த நாளில் எடுத்தது, எத்தனை சதவீதம் முகில் மூடியிருந்தது, எந்தக் கருவி எடுத்தது, கோப்பு எங்கே உள்ளது என்பன ஒரே ஒழுங்கில் எழுதப்பட்டிருக்கும். முகவர் இப்பட்டியலிலே குளத்தின் நான்கு எல்லைகளையும், ஆண்டுகளையும், முகில் பத்துச் சதவீதத்துக்குக் குறைந்திருத்தல் வேண்டும் என்பதையும் கொடுத்துத் தேடும். பல்லாயிரம் படங்களிலிருந்து வேண்டியவை சில கணத்தில் வந்துவிடும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். நமது பகுதியில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்று மழை. குளம் நிரம்பும் காலமும் அதுவே. வானம் முகிலால் மூடும் காலமும் அதுவே. சாதாரணப் படத்தில் குளம் தெரியாது, முகில்தான் தெரியும். ஐரோப்பியரின் சென்ரினல் ஒன்று என்னும் செய்மதி வரிசை 2014 ஆம் ஆண்டு முதலாக ராடார் கதிரைக் கொண்டு நிலத்தை அளக்கின்றது. ராடாருக்கு முகிலும் தடை அன்று. இரவும் தடை அன்று. அதன் படங்களும் திறந்தவையே. முகவர் இதனை அறிவது எப்படி? விபரக்குறிப்பிலே, இது ராடார் அளவை, முகிலூடும் பார்க்கும், நீர்ப்பரப்பை அறிய உதவும் என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால் அறியும். எழுதவில்லையேல், மாரி மாதங்களுக்குப் படம் இல்லை என்று விட்டுவிடும். அல்லது முகிலின் நிழலை நீர் என்று எண்ணிக் கணக்கிடும். குளம் நிரம்பிய மாதத்தை வற்றிய மாதமாக எழுதிவிடவும் கூடும். ஒருவர் எழுதிய ஒரு வரி, மற்றொருவர் பெறும் விடையை மெய்யாக்குகின்றது என்பதைக் கண்டீர்களா?

இவ்விடத்திலே ஓர் அறிஞரை நினைவுகூர்தல் கடமை. சீர்காழியில் 1892 ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள் கணித ஆசிரியராயிருந்து, 1924 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராயினார். 1931 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூலைப் பூட்டிக் காப்பதற்கன்றிப் பயனுக்காகவே வைத்தல் வேண்டும் என்பதும், வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்கு உரிய நூலும் நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கு உரிய வாசகரும் கிட்டவேண்டும் என்பதும், வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதும் அவர் கருத்து. இவற்றுள் நூல் தன் வாசகரை அடையவேண்டும் என்னும் விதியே இன்று நமக்கு மிகவும் வேண்டியது. வாசகர் தேடி வரும்வரை நூல் சும்மா கிடக்கலாகாது. தன்னைத் தேடுவார் கண்ணிலே படும்படி அது வைக்கப்படவேண்டும். தரவுக்கும் இது முற்றும் பொருந்தும். 2016 ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து ஆராய்ச்சித் தரவுக்கு நான்கு இலக்கணம் கூறினர். தேடக் கிடைத்தல், பெறக் கூடுதல், பிறவற்றோடு பொருந்துதல், மீளப் பயன்படல் என்பன அவை. அவற்றுள் முதலில் வைக்கப்பட்டது தேடக் கிடைத்தலே. மனிதர் மாத்திரம் அன்றி இயந்திரமும் தானே தேடிக் கண்டுகொள்ளவேண்டும் என்று அவர்கள் அப்போதே வற்புறுத்தினர்.

சரி, நமது நாட்டுத் தரவுகள் அகப்படாமைக்குக் காரணங்கள் யாவை? முதலாவது, பெயர். பருத்தித்துறையை ஆங்கிலக் கணக்குகளிலே பொயின்ற் பீட்ரோ என்று எழுதுவர். திருகோணமலை திரிங்கோமலி ஆகும். மட்டக்களப்பு பற்றிக்கலோ ஆகும். தமிழிலே கேட்கும் மாணவனுக்காக முகவர் தமிழ்ப் பெயரைக் கொண்டு தேடினால், ஆங்கிலப் பெயரில் உள்ள கணக்கு வெளிப்படாமற் போகலாம். நெல்லுக்கும் அப்படியே. நாம் பெரும்போகம், காலபோகம் என்பதை அரசாங்க அட்டவணை மகா என்று எழுதும். சிறுபோகத்தை யல என்று எழுதும். இதற்கு மருந்து உண்டு. 2012 ஆம் ஆண்டில் தொடங்கிய விக்கித்தரவு என்னும் பொதுத் தரவுத்தளம் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அவ்விலக்கத்தின் கீழ் எல்லா மொழிப் பெயர்களையும் சேர்த்து வைக்கின்றது. இலங்கைக்கு அங்கே கியூ 854 என்பது இலக்கம். எம்மொழியிலே தேடினாலும் அவ்விலக்கத்தில் வந்து சேரலாம். ஆனால் தமிழ்ப் பெயரை அங்கே சேர்ப்பவர் யார்? தமிழ் அறிந்தவரே சேர்க்கவேண்டும். பொறி தானாகச் சேர்க்கும் என்று கைகட்டி இருத்தல் தகாது.

இரண்டாவது, வடிவம். அட்டவணையைக் கடதாசியில் அச்சடித்து, அதனைப் படம் பிடித்து, பீடிஎப் கோப்பாக வெளியிடுவது பல இடங்களில் வழக்கம். மனிதக் கண்ணுக்கு அது அட்டவணை. தேடும் பொறிக்கோ பெரும்பாலும் கறையும் கோடும். வலையமைப்பை உலகுக்கு அளித்த ரிம் பேர்னர்ஸ்-லீ அவர்கள் 2010 ஆம் ஆண்டில் திறந்த தரவுக்கு ஐந்து நட்சத்திரப் படிகள் வகுத்தார். எவ்வடிவமாயினும் அனுமதியுடன் வெளியிடுதல் முதற்படி. இயந்திரம் படிக்கத்தக்க அட்டவணையாக்கல் இரண்டாம் படி. தனி ஒரு கம்பனியின் மென்பொருளை வேண்டாத எளிய வடிவிலே தருதல் மூன்றாம் படி. மூன்றாம் படி வரைக்கும் ஏறுவதற்கு அறிவைவிட மனமே வேண்டும். கணினியில் அட்டவணை செய்தவர், அதே அட்டவணையைப் படமாக்காமல் அப்படியே தந்தாற் போதும்.

மூன்றாவது, சொல்லாமல் விட்டவை. எண் இருக்கும், ஏக்கரா ஹெக்டேயரா என்பது இருக்காது. நாள் இருக்கும், 03/04 என்பது மார்ச் நான்கா ஏப்பிரல் மூன்றா என்பது விளங்காது. கட்டம் ஒன்று வெறுமையாயிருக்கும். பூச்சியமா, அளக்கவில்லையா என்பது தெரியாது. அன்று மழை பெய்யவில்லை என்பதும், அன்று மழைமானியைப் பார்க்க ஆள் இருக்கவில்லை என்பதும் ஒன்றாகுமா? எழுதியவர்க்கு இது தெரியும். அவர் ஓய்வுபெற்றுப் போனபின் எவர்க்கும் தெரியாது.

பெரியோர்கள் இங்கே சில ஐயங்களை எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். எல்லாவற்றையும் இயந்திரத்துக்குத் திறந்துவிட்டால் நம் வீட்டுச் செய்தியும் சந்திக்கு வந்துவிடாதா என்பது ஒன்று. திறக்கத் தகுவது பொதுத் தரவு. தனி மனிதரின் நோயும் வருமானமும் முகவரியும் திறக்கத் தகாதவை. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் இதன் பொருட்டே. ஒரு கிராமத்தில் இத்தனை பேருக்கு டெங்குக் காய்ச்சல் என்பது பொதுத் தரவு. இன்ன வீட்டு இன்னாருக்கு என்பது அன்று. கிராமம் மிகச் சிறிதாயின் எண்ணே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதையும் எண்ணி, அவ்விடத்திலே கணக்கைத் திரட்டிக் கூறல் வேண்டும்.

பொறி எடுத்த விடையை நம்பலாமா என்பது மற்றொன்று. கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. தேடும் கருவி தருகின்ற விபரத்திலே, திரட்டியவர் யார், எந்த ஆண்டுக் கணக்கு, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பன இருந்தால், முகவர் தன் விடையோடு அவற்றையும் எழுதும். வாசகர் மூலத்துக்குச் சென்று ஒப்பு நோக்கலாம். மூலம் காட்டாத எண்ணை முகவர் சொன்னாலும் ஏற்கவேண்டாம். மனிதர் சொன்னாலும் ஏற்கவேண்டாம். தீய எண்ணமுடையோர் தரவுக் கோப்பினுள்ளே பொறியை ஏவும் கட்டளைகளை ஒளித்து வைப்பதும் உண்டு. ஆகவே எடுத்தது தகவல் மாத்திரமே, ஆணை அன்று என்னும் ஒழுங்கைப் பொறி செய்வோர் காத்தல் வேண்டும். பட்டியலை நடத்துவோரும், யார் எதைச் சேர்த்தார் என்பதைக் குறித்து வைத்தல் வேண்டும்.

நாம் எழுதாவிட்டால் என்ன? யாரேனும் எழுதுவர் என்று சிலர் சொல்லலாம். இதுவே பேராபத்து. அகப்பட்டதைக் கொண்டே முகவர் பேசும். நன்கு விபரித்து வைக்கப்பட்ட நாடுகளைப் பற்றி நன்றாகப் பேசும். விபரிக்காதவரைப் பற்றி அயலாரின் கணக்கைக் கொண்டு ஊகித்துப் பேசும். நாளைக்கு ஓர் உத்தியோகத்தர், ஒரு பிரதேசத்துக்குக் குழாய்நீர் வேண்டுமா, வைத்தியசாலை வேண்டுமா என்று முகவரிடம் கேட்டு அறிக்கை எழுதும்போது, அப்பிரதேசத்தின் கணக்கு அகப்படாவிட்டால், அங்கே தேவை இல்லை என்றே எழுதப்படலாம். காணாமை இன்மை ஆகிவிடும். நமது மொழியில் உள்ள செல்வத்துக்கும் இதுவே கதி. 1998 ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்து மின்னூலகமும் தொண்டர் பலரின் உழைப்பால் ஏடுகளை மின்வடிவாக்கி வைத்திருக்கின்றன. அவர்கள் ஏற்றி வைத்த விளக்குக்கு வழிகாட்டும் பட்டியலை விரிவாக எழுதுதல் அடுத்த தலைமுறையின் கடமை.

ஆதலின், இளைஞர்களே, பெரிய தொழிற்சாலை வேண்டாம். பெரும் பணமும் வேண்டாம். உங்கள் கைக்கு எட்டிய சில பணிகளைச் சொல்லி அமைவோம். முதலாவது, ஒவ்வொரு கிழமையும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நம் ஊர், குளம், வீதி, பாடசாலை ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களையும் பிற பெயர்களையும் விக்கித்தரவிலும் ஓப்பன் ஸ்ரீற் மாப் என்னும் பொதுப் படத்திலும் பதியுங்கள். இரண்டாவது, ஏதேனும் பொதுக் கணக்கு உங்கள் கைக்கு வந்தால், அதற்கு ஒரு பக்க விபரக்குறிப்பு எழுதுங்கள். எதை அளந்தது, எங்கே, எக்காலத்தில், எந்த அலகில், யார் அளந்தார், எவ்வனுமதியுடன், எதற்கு இது உதவாது என்னும் ஏழு வினாவுக்கும் அதிலே விடை இருக்கட்டும். ஏழாவதை மறவாதீர்கள். எதற்கு உதவாது என்று சொல்லும் குறிப்பே மிகவும் நம்பத்தக்கது. அதனைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், இயலுமாயின் சிங்களத்திலும் எழுதுங்கள்.

மூன்றாவது, தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கணக்குக் கேட்கும்போது, இயந்திரம் படிக்கும் அட்டவணையாகவே தருமாறு மரியாதையுடன் கேளுங்கள். நான்காவது, முகவரை நீங்களே சோதியுங்கள். உமக்கு விடை நிச்சயமாகத் தெரிந்த ஒரு வினாவைக் கேளுங்கள். எந்த மூலத்தைக் காட்டுகின்றது என்று பாருங்கள். மூலம் உண்டாயிருந்தும் அது காணவில்லையாயின், எந்தச் சொல்லால் தேடியது, நம் குறிப்பில் எந்தச் சொல் இல்லை என்று ஆராய்ந்து, அச்சொல்லைச் சேர்த்து மீண்டும் கேளுங்கள். பட்டியல் செய்வோன் கற்கும் பாடம் இதுவே: தான் வைத்த பெயர் மாத்திரம் போதாது, தேடுவோன் வாயில் வரும் பெயரும் வேண்டும்.

பெரியோர்களே, உங்களுக்கும் இதிலே பங்கு உண்டு. பழைய அளவைகளின் பொருளும், ஊர்ப்பெயர்களின் மாற்றமும், இன்ன ஆண்டில் இன்ன கணக்கு ஏன் விடுபட்டது என்பதும் உங்கள் நினைவிலே இருக்கின்றன. பரப்பு எத்தனை குழி, மூடை எத்தனை புசல் என்று கேட்டால் இளைஞர் விழிப்பர், நீங்கள் சொல்வீர்கள். அருகே இருத்திச் சொல்லிக் கொடுங்கள், அவர்கள் எழுதிக்கொள்வர். கணினி அறிந்த பேரனும் கணக்கறிந்த பாட்டனாரும் ஒரே மேசையில் இருந்தால், எந்த நாட்டுப் பொறியும் செய்ய இயலாத வேலை அங்கே நடக்கும்.

செல்வத்தைத் திரட்டியவர் முன்னோர். கதவைத் திறந்தது சட்டம். வழி காட்டவேண்டியவர் நாம். வழி காட்டப்பட்டால் பொறியும் பொய் சொல்லாது பணி செய்யும். கேட்போரும் மெய் பெறுவர். இச்சங்கத்து இளைஞர்கள் அடுத்த ஆண்டு விழா வருமுன், நம் ஊர் பற்றிய பத்துக் கணக்குகளுக்காவது விபரக்குறிப்பு எழுதி முடிப்பர் என்னும் நம்பிக்கையுடன் எமது உரையை நிறைவு செய்கின்றோம்.